தட்டில் சாகும் புற்றுநோய் செல் மூளையில் ஏன் சாவதில்லை?

மஞ்சளில் உள்ள குர்குமின் மூளைப் புற்றுநோய் செல்களை அழிக்கிறது என்ற செய்தி வருடம் தவறாமல் வாட்ஸ்அப்பில் ஒரு சுற்று வந்துவிடும். இப்போது கொஞ்ச காலமாக அதோடு 'நானோ' என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. நானோ குர்குமின், நானோ துகளில் ஏற்றிய கருஞ்சீரகச் சத்து, லிப்போசோமில் அடைத்த கிரீன் டீ என்று தலைப்புகள் வருகின்றன. அடியில் இருக்கும் ஆய்வு பெரும்பாலும் உண்மையானதுதான். செல்கள் செத்திருக்கும், படமும் எடுத்திருப்பார்கள். ஆனால் அந்த ஆய்வகத் தட்டிலிருந்து ஒரு மனிதரின் மூளை வரைக்கும் உள்ள தூரத்தைச் செய்தி சொல்லாமல் விட்டுவிடுகிறது. வீட்டில் ஒருவருக்கு மூளைக் கட்டி என்று தெரிந்து, ராத்திரி முழுக்கப் போனில் தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தூரம்தான் முக்கியம். அதை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம்.

இந்தச் செய்திகளில் பேசப்படும் நோய் பெரும்பாலும் கிளையோபிளாஸ்டோமா. பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுநோய்களில் அதிகம் வருவதும் இதுதான், மிகக் கொடியதும் இதுதான். முதலில் அறுவை சிகிச்சை செய்து முடிந்த அளவு கட்டியை எடுப்பார்கள். அப்புறம் 6 வார ரேடியேஷன், மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சின் அளவு). கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. இந்த முறையை நிலைநிறுத்தியது ரோஜர் ஸ்டுப் தலைமையில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு. ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 12.1 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள். மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 14.6 மாதம். இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாகக் கூடினார்கள். இரண்டரை மாத வித்தியாசம்தான், ஆனால் உலகம் முழுக்கச் சிகிச்சையை மாற்றிவிட்டது. இன்றைக்கும் அடிப்படை சிகிச்சை அதுவே. இவ்வளவு வறண்ட நிலத்தில் தாவர மருந்து என்ற பேச்சு வந்தால் மக்கள் திரும்பிப் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

மூளைக்கு மருந்து அனுப்புவது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு விடை 1885இலேயே கிடைக்கத் தொடங்கிவிட்டது. ஜெர்மனியில் பால் எர்லிச் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். உடம்பு முழுக்க நிறம் ஏறியது, மூளையும் தண்டுவடமும் மட்டும் வெளுத்தே இருந்தன. மூளைத் திசுவில் அந்தச் சாயம் ஒட்டாது போலும் என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள திரவத்திலேயே செலுத்தினார். இப்போது மூளையில் நன்றாக நிறம் ஏறியது, உடம்புக்கு வரவில்லை. ஆக, ஒட்டாமல் இல்லை. நடுவில் ஏதோ தடுக்கிறது. அதைத்தான் ரத்த-மூளைத் தடுப்பு என்கிறோம். மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள செல்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருக்கின்றன. சுமார் 400, 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) கீழே எடையுள்ள, கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறுகள் மட்டுமே ஓரளவு நுழையும். டெமோசோலமைடு 194 டால்டன். அதனால்தான் அது உள்ளே போகிறது.

பூட்டு மட்டுமல்ல, உள்ளே வந்ததைத் திருப்பி வெளியே தள்ளும் பம்புகளும் அந்தச் சுவரில் உண்டு. அதில் முக்கியமானது பி-கிளைக்கோபுரோட்டீன். அதன் வேலை என்ன என்பதை 1994இல் நெதர்லாந்தில் நடந்த ஒரு சம்பவம் காட்டிக்கொடுத்தது. அந்தப் பம்புக்கான மரபணு ஒன்றை நீக்கிய எலிகளை ஷின்கல் என்ற ஆய்வாளரின் குழு வளர்த்துவந்தது. எலிகளுக்கு உண்ணித் தொல்லை வந்ததால் வழக்கமாகத் தெளிக்கும் ஐவர்மெக்டினைத் தெளித்தார்கள். சாதாரண எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பு இல்லாத எலிகள் செத்துப்போயின. மருந்து அவற்றின் மூளைக்குள் குவிந்துவிட்டிருந்தது. அதே எலிகள் வின்பிளாஸ்டினையும் தாங்கவில்லை. வின்பிளாஸ்டின் நம் ஊர் நித்தியகல்யாணியில் இருக்கும் புற்றுநோய் மருந்து.

இந்த இடத்தில்தான் தாவர மருந்துகளின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. செடிகள் தங்களைத் தின்ன வரும் உயிர்களிடமிருந்து தப்பிக்கத் தயாரிக்கும் நச்சுகளே நமக்குப் புற்றுநோய் மருந்தாகின்றன. அப்படிப்பட்ட நச்சுகளை வெளியே நிறுத்தத்தான் இந்தப் பம்பு உருவானது என்று கருதப்படுகிறது. பாக்லிடாக்சல், வின்கிரிஸ்டின், எட்டோபோசைடு என்று தாவரங்களிலிருந்து வந்த புற்றுநோய் மருந்துகள் எல்லாமே அந்தப் பம்பு பிடித்துத் தள்ளும் பொருள்கள்தான்.

வின்கிரிஸ்டினை மட்டும் கொஞ்சம் பார்ப்போம். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்லப்படும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்பட்டு 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் அது செய்த நன்மைக்கு அளவில்லை. மூளைக் கட்டியிலும் அது பயன்பாட்டில் இருக்கிறது. ஒலிகோடென்ட்ரோகிளையோமா என்ற கட்டிக்கு பி.சி.வி. என்று மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள், அதில் 'வி' வின்கிரிஸ்டின். அந்தக் கூட்டுச் சிகிச்சை பல ஆண்டு கூடுதல் ஆயுள் தந்திருக்கிறது. ஆனால் 825 டால்டன் எடையுள்ள வின்கிரிஸ்டின் சுவரைத் தாண்டிப் போவதே அரிது. வேலை செய்வது மற்ற இரண்டு மருந்துகள்தானோ, வின்கிரிஸ்டின் நரம்புப் பாதிப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறதோ என்ற விவாதம் மருத்துவர்களிடையே இன்னும் ஓயவில்லை. செல்லைக் கொல்லும் திறன் இருந்தும் இடத்துக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

சரி, குர்குமினுக்கு வருவோம். எடை 368 டால்டன், கொழுப்பில் கரையும். கணக்குப்படி பார்த்தால் சுவரைத் தாண்ட வேண்டும். அதன் பிரச்சினை அங்கே போவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தண்ணீரில் கரையாது. குடலிலும் கல்லீரலிலும் உடனே மாற்றப்பட்டு வெளியேறிவிடும். உடல் வெப்பத்தில், ரத்தத்தை ஒத்த காரத்தன்மையுள்ள உப்புக் கரைசலில் வைத்தாலே அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடும் என்று 1997இல் அளந்து காட்டினார்கள். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆய்வு நடந்தது. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பரின், அதாவது மிளகின் காரப் பொருள், சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் கிடைக்கும் அளவு 20 மடங்கு கூடியது. மிளகு சேர்த்த மஞ்சள் மாத்திரைகளின் விளம்பரம் எல்லாம் இந்த ஆய்விலிருந்து வருவதுதான். விளம்பரம் சொல்லாதது ஒன்று: சேர்க்காதபோது ரத்தத்தில் கிடைத்தது கண்டுபிடிக்கவே சிரமமான அளவு. அதை 20 மடங்கு ஆக்கினாலும் கொஞ்சம்தான்.

இங்கேதான் நானோ வருகிறது. மருந்தை நேராகக் கொடுக்காமல் சுமார் 10 முதல் 200 நானோமீட்டர் வரையுள்ள ஒரு கூட்டுக்குள் அடைத்துக் கொடுப்பது. ஒரு தலைமுடியின் பருமன் கிட்டத்தட்ட 80,000 நானோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். கூடு பல வகை. 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் கண்ட லிப்போசோம் நம் செல்லின் சவ்வு போன்ற கொழுப்பு இரட்டைப் படலம். உடலில் மெல்லக் கரையும் பி.எல்.ஜி.ஏ. பிளாஸ்டிக் உருண்டைகள் உண்டு, திடக் கொழுப்புத் துகள்கள் உண்டு, ரத்தப் புரதமான அல்புமினிலேயே செய்த துகள்களும் உண்டு. கூடு மூன்று வேலை செய்யும். கரையாததைக் கரைந்தது போலக் கொண்டுபோகும், வழியில் சிதையாமல் காக்கும், மேலே சரியான பூச்சு இருந்தால் சுவரின் செல்களை ஏமாற்றி உள்ளே நுழையும். பாலிசார்பேட் 80 என்ற சாதாரணப் பொருளைத் துகளின் மேல் பூசினால் ரத்தத்தில் உள்ள அப்போலிப்போபுரோட்டீன் அதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. சுவரில் உள்ள செல் அதைக் கொழுப்புத் துகள் என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஜெர்மனியில் யோர்க் க்ராய்ட்டரின் குழு 1990களில் இதைக் காட்டியது. அழகான வேலை என்று சொல்லத் தயக்கமே இல்லை.

ஆனால் கணக்கு பார்க்க வேண்டும். டொரண்டோவில் வாரன் சானின் குழு, பத்து ஆண்டுகளில் வந்த நானோ ஆய்வுகளை அலசி 2016இல் ஓர் எண்ணைச் சொன்னது. ஊசியில் ஏற்றிய நானோ துகள்களில் திடக் கட்டிக்குப் போய்ச் சேர்வது, நடுமதிப்பாகப் பார்த்தால், 0.7 சதவீதம். மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. இது எலிகளில், பெரும்பாலும் மூளைக்கு வெளியே உள்ள கட்டிகளில். மூளை இதைவிடக் கடினம்.

இன்னொரு சங்கடம் கட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. கிளையோபிளாஸ்டோமாவின் நடுப்பகுதியில் ரத்தக்குழாய்கள் ஒழுகும். எம்.ஆர்.ஐ.யில் சாயம் ஏற்றியதும் வெள்ளையாக ஒளிர்வது அந்தப் பகுதிதான். நானோ துகள்கள் சுலபமாகச் சேர்வதும் அங்கேதான். ஆனால் அந்த நடுப்பகுதியை அறுவை மருத்துவர் எடுத்துவிடுவார். நோயாளியின் உயிரைத் திரும்ப வந்து எடுப்பது, எம்.ஆர்.ஐ.யில் தெரியாமல் ஓரத்தில் நல்ல மூளைக்குள் ஊடுருவிக் கிடக்கும் செல்கள். பெரும்பாலான மறுகட்டிகள் வெட்டிய விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள்ளேயே முளைக்கின்றன. அந்த ஓரத்தில் சுவர் கெடாமல் நிற்கிறது. ஆக, 'கட்டியில் நானோ துகள் குவிந்தது' என்று ஒரு படத்தைக் காட்டினால், எந்தப் பகுதியில் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த ஆய்வகத் தட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்பு வளர்ப்பு நீரும் சில ஆயிரம் செல்களும். குழிக்குக் குழி அளவைக் கூட்டி மருந்தை விட்டு இரண்டு மூன்று நாள் காத்திருப்பார்கள். பிறகு எம்.டி.டி. என்ற மஞ்சள் பொருளை ஊற்றுவார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். ஊதா வெளிறிய குழியில் செல்கள் செத்துவிட்டன என்று கணக்கு. இந்தத் தட்டில் சுவர் கிடையாது, கல்லீரல் கிடையாது, பம்பு நிறைந்த ரத்தக்குழாய் கிடையாது. மருந்து நேராகச் செல்லின் மேலேயே விழுகிறது. போதாததற்கு, பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்களில் சில, செல் இல்லாமலேயே எம்.டி.டி.யை ஊதாவாக்கிவிடும் குணமுள்ளவை. சரியான ஒப்பீட்டுக் குழிகளை வைக்காத ஆய்வில் எண்கள் பிசகும். குர்குமின் தானே ஒளிரும், பல புரதங்களில் கண்டபடி ஒட்டும். இதனால் பரிசோதனைகளில் அது தரும் 'வெற்றி'களை நம்புவது கடினம் என்று 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் விரிவாக எழுதினார்கள். 120க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகள் நடந்தும், முறையாக ஒப்பிட்டுச் செய்த எதிலும் குர்குமின் தெளிவான வெற்றி பெறவில்லை என்பது அவர்கள் கணிப்பு.

தட்டில் இருக்கும் செல் பற்றியும் ஒரு வார்த்தை. உலகில் மிக அதிகம் பயன்படும் மூளைக் கட்டி செல் வகை யூ87. 1960களில் ஸ்வீடனின் உப்சாலாவில் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து தொடங்கியது. இன்று உலகம் முழுக்க ஆய்வகங்களுக்கு விநியோகமாகும் யூ87, அந்த மூல நோயாளியுடையதே அல்ல என்று 2016இல் மரபணுச் சோதனையில் தெரிந்தது. அநேகமாக வேறு யாரோ ஒருவரின் கிளையோபிளாஸ்டோமாவாக இருக்கலாம். எலியின் மூளையில் வைத்தால் இது ஊடுருவாமல் ஓர் உருண்டையாக வளர்கிறது. மனிதரிடம் நடப்பது அப்படி இல்லை.

மனிதரின் மூளைக் கட்டிக்குள் குர்குமின் உண்மையில் எவ்வளவு போகிறது என்று அளந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. பிராங்க்பர்ட்டில் நடந்து 2016இல் வெளியானது. அறுவைக்கு முன் நான்கு நாள், கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளுக்கு மைசெல் என்ற நானோ கூட்டில் கரைத்த குர்குமினாய்டு 70 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை கொடுத்தார்கள். அறுவையில் எடுத்த கட்டியில் அளந்தார்கள். ஒரு மில்லிகிராம் திசுவுக்குச் சராசரி 56 பிக்கோகிராம். போயிருக்கிறது, அதுவே ஒரு சேதிதான். ஆனால் அந்த அளவை, மருந்தின் செறிவைச் சொல்லும் மைக்ரோமோலார் என்ற அலகில் கணக்கிட்டால், சுமார் 0.15 வருகிறது. ஆய்வகத் தட்டில் இந்தச் செல்களைக் கொல்லப் பொதுவாக 10 மைக்ரோமோலாருக்கு மேல் தேவைப்படுகிறது. ஏறக்குறைய நூறு மடங்கு பள்ளம்.

இந்த 0.15 என்ற எண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு தாவர மருந்தைப் பாருங்கள். பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து மன்றோ வால், மன்சுக் வாணி இருவரும் வட கரோலினாவில் பிரித்தெடுத்து 1971இல் அமைப்பை வெளியிட்டது பாக்லிடாக்சல். தண்ணீரில் கரையாத இதை ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த கிரெமோஃபோர் என்ற கரைப்பானில் கலந்துதான் முதலில் கொடுத்தார்கள். அந்தக் கரைப்பானே கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவந்தது. 2005இல் அல்புமினோடு பிணைத்த, சுமார் 130 நானோமீட்டர் துகளான அப்ராக்சேன் வந்தது. கிளையோமா செல்களை பாக்லிடாக்சல் கொல்லும் வீரியம் டெமோசோலமைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். சில நானோமோலாரே போதும் (ஆயிரம் நானோமோலார் ஒரு மைக்ரோமோலார்). ஆனால் 854 டால்டன் எடை, பம்பு வேறு. சுவர் விடாது.

சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆடம் சொனபந்தின் குழு சுவரையே கொஞ்ச நேரம் திறந்து பார்த்தது. அறுவையின்போது மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்த இடத்தில் ஒன்பது ஒலி அலைக் கருவிகள் கொண்ட சட்டத்தைப் பொருத்திவிடுகிறார்கள். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ரத்தத்தில் நுண்குமிழ்களை ஏற்றி, சில நிமிடம் அல்ட்ராசவுண்டை இயக்குகிறார்கள். நோயாளி விழித்தே இருப்பார். குமிழ்கள் அதிர்ந்து ரத்தக்குழாய்ச் செல்களின் பூட்டைத் தளர்த்துகின்றன. ஒரு மணி நேரத்துக்குள் சுவர் பெரும்பாலும் மூடிக்கொள்கிறது. அதற்குள் அல்புமின் பாக்லிடாக்சல் உள்ளே போகிறது. மறுபடி வந்த கிளையோபிளாஸ்டோமா உள்ள 17 பேரிடம் செய்த இந்த முதல் கட்ட ஆய்வு 2023இல் வெளியானது. மூளைத் திசுவில் மருந்தின் அளவு 0.037 மைக்ரோமோலாரிலிருந்து 0.139க்கு ஏறியது.

குர்குமினின் 0.15க்கும் பாக்லிடாக்சலின் 0.139க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று தனக்குத் தேவையானதில் நூறில் ஒரு பங்கு, இன்னொன்று தனக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு. மூளைக்குள் அடைக்க முடிகிற அளவு எப்போதும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலேயே வேலை செய்யும் பொருளா என்பதுதான் கேள்வி. என் பார்வையில் இந்தத் துறையின் பெரும்பகுதி உழைப்பு தவறான பக்கத்தில் போகிறது. வீரியம் குறைந்த மூலிகைச் சத்துகளுக்குப் புதுப்புதுக் கூடு செய்வதைவிட, வீரியம் நிரூபணமான தாவர நச்சுகளுக்குப் பாதுகாப்பான கூடும் திறந்த வழியும் தேடுவது நோயாளிக்கு அதிகம் பயன்படும். கூடு எவ்வளவு முக்கியம் என்பதும் சொனபந்த் குழுவின் எலி ஆய்வில் தெரிந்தது. சுவரைத் திறந்துவிட்டு கிரெமோஃபோர் கலந்த பாக்லிடாக்சலைக் கொடுத்தபோது எலிகளின் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டது, அல்புமின் துகளாகக் கொடுத்தபோது தாங்கிக்கொண்டன. 17 பேரிடம் நடந்த அந்த முதல் கட்ட ஆய்வு பாதுகாப்பையும் டோஸையும் பார்ப்பதற்கானது, ஆயுள் கூடுமா என்பதற்கு அது பதில் இல்லை. அதிக டோஸில் மூளைக் குழப்பம் போன்ற பக்கவிளைவுகளும் வந்தன.

நமக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு மரமும் இந்தக் கதையில் உண்டு. கேம்ப்டோதெசின் என்ற நச்சை 1966இல் அதே வால், வாணி குழு ஒரு சீன மரத்திலிருந்து பிரித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளரும் நோத்தபோடைட்டிஸ் மரத்திலும் அது தாராளமாக இருக்கிறது என்று 1972இல் வெளியிட்டவர்கள் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்து, பிறகு பம்பாயில் சீபா என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வு மையத்தை நடத்தியவர். அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு மரத்தை ஏகத்துக்கு வெட்டினார்கள் என்பது வருத்தமான பின்கதை. கேம்ப்டோதெசினை மாற்றிச் செய்த இரினோடெகான், லிப்போசோமில் அடைத்த வடிவில் கணையப் புற்றுநோய்க்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே லிப்போசோமை, மண்டையோட்டின் வழியாக நுழைத்த மெல்லிய குழாய்களில் நேராகக் கட்டிக்குள் மெதுவாகச் செலுத்தி, எங்கே பரவுகிறது என்று எம்.ஆர்.ஐ.யில் பார்த்துக்கொண்டே செய்யும் ஆய்வை சான் பிரான்சிஸ்கோவில் நடத்தினார்கள். பிரேசிலில் எலுமிச்சை வகைகளிலும் லாவண்டரிலும் உள்ள பெரில்லில் ஆல்கஹாலை மூக்கின் வழியே முகர வைத்துப் பார்த்தார்கள், அதன் சுத்தப்படுத்திய வடிவம் பிறகு அமெரிக்காவிலும் ஆய்வுக்கு வந்தது. சுவரை உடைக்காமல் சுற்றிக்கொண்டு போகும் வழிகள் இவை.

பறங்கிச் சாம்பிராணியையும் குறிப்பிட வேண்டும். 2011இல் ஜெர்மனியில் 44 பேரிடம் நடந்த ஆய்வில் ரேடியேஷன் காலத்தில் மூளை வீக்கத்தை அது நன்றாகக் குறைத்தது. கட்டியையே அது குறைக்கும் என்பது நிரூபணமாகவில்லை. வீக்கம் குறைந்தாலே தலைவலி போன்ற தொல்லைகள் குறையலாம், அதனால் சின்ன விஷயமாக எண்ண வேண்டியதில்லை.

கடைசியாக, சிகிச்சையில் இருப்பவர்களுக்கு. சாம்பாரிலும் ரசத்திலும் போடும் மஞ்சள் பொதுவாகச் சிகிச்சைக்குக் குறுக்கே வராது. கேப்சூல் வேறு விஷயம். மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சலைக் கூட்டிய மஞ்சள் கேப்சூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பதிவானவர்களில் பெரும்பாலோருக்கு எச்.எல்.ஏ-பி 35:01 என்ற ஒரு மரபணு வகை இருந்தது. டெமோசோலமைடும் சிலருக்குக் கல்லீரலைத் தொடும் மருந்து. இரண்டையும் சேர்த்து எடுக்கும்போது ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறினால், எதனால் என்று மருத்துவருக்குத் தெரியாது. கீமோவை நிறுத்த வேண்டிவரலாம். எனவே கேப்சூல், லேகியம், நானோ என்று எழுதிய எதுவானாலும் டப்பாவையே கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பதை மருந்துச் சீட்டிலேயே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.